உஷார்! ஒரே ராத்திரியில் அரிப்பை அடக்கும் அந்த டியூப்

வீட்டில் மருந்து வைக்கும் டப்பாவைத் திறந்து பாருங்கள். பாதி பிதுக்கி, அடியைச் சுருட்டி வைத்த களிம்பு டியூப் ஒன்று கிடக்கும். போன வருஷம் தாத்தா காலில் வந்த படைக்கு வாங்கியது. பிறகு அக்காவின் கழுத்துக்கும் போட்டது. இப்போது குழந்தையின் முழங்கை மடிப்பு சொரசொரவென்று தடித்து, ராத்திரியெல்லாம் தூங்காமல் சொறிகிறதே என்று அதையே எடுத்துத் தடவப் போகிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். முதலில் அந்த டியூபின் மேல் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள்.

க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன். இவற்றில் எந்தப் பெயர் இருந்தாலும் அது ஸ்டீராய்டு களிம்பு. அதோடு டெர்பினாஃபைன், மைக்கோனசோல், ஆஃப்லாக்சசின், நியோமைசின் என்று ஒரு வரிசையும் சேர்ந்திருந்தால் அது கலவைக் களிம்பு. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து மூன்றையும் ஒரே டியூபில் அடைத்திருக்கிறார்கள். நோய் இன்னதென்று தெரியாமலே யாருக்கும் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்பதுதான் விற்பவருக்கு இதில் உள்ள வசதி. நமக்கு ஆபத்தும் அதே இடத்தில்தான்.

இந்த மாதிரிக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று இந்தியத் தோல் மருத்துவர்களின் சங்கம் தனிக் குழுவே அமைத்துப் போராடியது. 2018இல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை, டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்கிற ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சட்டம் தெளிவாக இருக்கிறது. ஆனால் தெருமுனைக் கடையில் போய், "அண்ணே, அரிப்புக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டால் இன்றைக்கும் கை நீளும். சில ரூபாய்தான் விலை. தடவிய அன்றே அரிப்பு அடங்கிவிடும். அந்த நிம்மதிதான் ஆளைச் சிக்கவைக்கிறது.

ஏன் என்று புரிய, எக்ஸிமா என்கிற இந்தக் கரப்பான் தோலுக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். தோலின் மேலடுக்கு வேலி மாதிரி. உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாது, வெளியே இருக்கும் தூசியையும் கிருமியையும் உள்ளே விடாது. எக்ஸிமாக்காரர்களில் பலருக்குப் பிறவியிலேயே அந்த வேலியில் பொத்தல். 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஃபிலாக்ரின் என்ற புரதத்தைத் தயாரிக்கும் மரபணுவில் ஏற்படும் பிழைக்கும் எக்ஸிமாவுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். எல்லா எக்ஸிமாவுக்கும் அது ஒன்றே காரணமில்லை. ஆனால் அதுவரை "ரத்தம் கெட்டுப்போச்சு", "உடம்புச் சூடு" என்று சொல்லப்பட்ட நோயில், தோலின் கட்டுமானமே பலவீனமாக இருக்கிறது என்று தெரிந்தது. ஈரம் கசிந்து தோல் வறள்கிறது. வறண்டால் அரிக்கிறது. சொறிந்தால் பொத்தல் பெரிதாகிறது. அந்தப் பொத்தலில் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா குடியேறிக் கொழுக்க, இன்னும் அரிக்கிறது.

கைக்குழந்தைகளுக்குக் கன்னத்தில் தொடங்கும். வளர்ந்த பிள்ளைகளுக்கு முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம். பெரியவர்களுக்குக் கை, கழுத்து, கண் இமை. புத்தகங்களில் "சிவந்திருக்கும்" என்று எழுதியிருப்பதை நம்பி ஏமாந்துவிடாதீர்கள், அது வெள்ளைக்காரர் தோலுக்கு எழுதியது. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. கறுத்து, சாம்பல் பூத்து, மயிர்க்கால்கள் புடைத்து நிற்கும். நம் பிள்ளைகளுக்கு நோய் முற்றிய பிறகே கண்ணில் படுவதற்கு இது ஒரு காரணம். சில பிள்ளைகளுக்குக் கன்னத்தில் வெளிறிய திட்டுகளாக வரும். உடனே "வயித்துல பூச்சி" என்று பூச்சி மருந்து கொடுப்பார்கள், அல்லது வெண்குஷ்டம் என்று பயந்து நடுங்குவார்கள். பெரும்பாலும் இரண்டுமில்லை, அது வறட்சியின் லேசான அடையாளம்.

சரி, இப்படிப் பொத்தல் விழுந்த தோலில் வீரியமான ஸ்டீராய்டைத் தடவினால் வீக்கமும் அரிப்பும் மளமளவென்று அடங்கும். மருந்தின் வேலையே அதுதான், அதில் குற்றமில்லை. ஆனால் வேலி இன்னும் அடைபடவில்லை. நாலு நாளில் அரிப்பு திரும்பும், மறுபடி தடவுவீர்கள். வாரம் மாதமாகும், மாதம் வருஷமாகும். க்ளோபெட்டசால் இந்தக் குடும்பத்திலேயே மிக வீரியமானது. பெரியவர்களே தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் போடக் கூடாது, ஒரு வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது என்று அதன் கூடவே வரும் தாளில் எழுதியிருக்கிறது. அந்தத் தாளைப் பிரித்துப் படிப்பவர் யார்?

உடம்பில் எல்லா இடத்துத் தோலும் ஒன்றல்ல என்பதையும் யாரும் சொல்லித் தருவதில்லை. 1967இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வு, ஹைட்ரோகார்ட்டிசோன் எந்தெந்த இடத்தில் எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தது. முன்கையில் உறிஞ்சுவதைப் போல நெற்றி 6 மடங்கு, தாடை 13 மடங்கு, விதைப்பையின் தோல் 42 மடங்கு உறிஞ்சியது. உள்ளங்கைக்குக் கொடுத்த களிம்பை முகத்திலும் தொடை இடுக்கிலும் போடுகிறவர்கள் இந்தக் கணக்கை மனதில் நிறுத்த வேண்டும். தொடை இடுக்கிலும் அக்குளிலும் தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு போலக் கோடு கோடாகப் பிளக்கும். இளம் ஆண்களிடம் இதை நிறையப் பார்க்கலாம். அந்தக் கோடுகள் பிறகு முழுதாக மறைவதே இல்லை. இமையில் நாள்கணக்காகத் தடவினால் கண் நீர் அழுத்தமும் கண்புரையும் வரக்கூடும். பச்சைக் குழந்தைக்கு டயப்பர் கட்டும் இடத்தில் தடவுவது இன்னும் கொடுமை. பிளாஸ்டிக் மூடி அழுத்த, மருந்து ரத்தத்துக்கே போய்ச் சேர்கிறது. குழந்தை கொழுகொழுவென்று முகம் ஊதி வரும். பாட்டி திருஷ்டி கழிப்பார். உண்மையில் குழந்தையின் அட்ரினல் சுரப்பி ஒடுங்கிக்கொண்டிருக்கும், வளர்ச்சி தடைப்படும்.

முகத்துக்குத் தடவி வந்தவர்களின் கதி தனி. சிவப்பழகுக்கென்று தோழி சொன்ன, பியூட்டி பார்லரில் கொடுத்த கிரீமில் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் இருக்கும். முதல் மாதம் முகம் பளபளக்கும். பிறகு வெயிலில் தலைகாட்ட முடியாது. எரியும், சிவக்கும், பரு வெடிக்கும், கன்னத்தில் முடி முளைக்கும். நிறுத்தினால் முகம் தீப்பிடித்தது போலாகி மறுபடி டியூபைத் தேடி ஓட வைக்கும். ஸ்டீராய்டுக்கு அடிமையான இந்த முகத்துக்கென்று ஒரு தனிப் பெயரே வைத்து மருத்துவ இதழ்களில் எழுதியவர்கள் நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள்தான். அந்த அளவுக்கு இங்கே அது பெருகிக் கிடக்கிறது. பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2021இல் இந்த நிறுத்த விளைவுகளைப் பற்றித் தனியாக எச்சரித்தது.

இன்னொரு குழி. உங்களுக்கு இருப்பது எக்ஸிமாதானா? வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து வருவது படர்தாமரையாக இருக்கலாம். அது பூஞ்சை. அதன் மேல் ஸ்டீராய்டு பட்டால் அரிப்பு அடங்கும், பூஞ்சையோ கொண்டாடிக்கொண்டு பரவும், அதன் வழக்கமான வட்ட வடிவமும் கலைந்துபோய் டாக்டரே குழம்புவார். கடந்த பத்துப் பதினைந்து வருஷமாக இந்தியாவில் படர்தாமரை அடங்காத கொள்ளைநோயாகியிருக்கிறது. 2020இல் புதிதாகப் பெயர் சூட்டப்பட்ட ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்ற பூஞ்சை, டெர்பினாஃபைனுக்கே கட்டுப்படாமல் இங்கிருந்து பல நாடுகளுக்கும் போய்விட்டது. கலவைக் களிம்புகளின் கண்மூடித்தனமான உபயோகம் இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். வீட்டில் நாலு பேருக்கும் ராத்திரியில் அரித்தால், விரல் இடுக்கிலும் தொப்புளைச் சுற்றியும் பொரிப்பொரியாக இருந்தால் அது சிரங்காக இருக்க அதிக வாய்ப்பு. அதையும் ஸ்டீராய்டு மூடி மறைக்கும். வயல்வேலை செய்கிறவருக்கு முகம், இமை, கழுத்து மட்டும் தடித்துக் கறுத்தால் பார்த்தீனியம் செடியைச் சந்தேகிக்க வேண்டும். சிமெண்டில் கை வைக்கும் கொத்தனாரின் கைப்புண் அதிலுள்ள குரோமியத்தால் வரலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

"அப்படியானால் இங்கிலீஷ் மருந்தே வேண்டாம், மூலிகைக் களிம்பு போட்டுக்கொள்கிறோம்" என்று நினைப்பவர்களும் உஷாராக இருக்க வேண்டும். 2003இல் வெளியான ஓர் ஆய்வுக்காக இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் குழந்தைகளின் எக்ஸிமாவுக்குப் பயன்படுத்திய 24 "மூலிகை" களிம்புகளைச் சோதனைச்சாலையில் பரிசோதித்தார்கள். 20இல் ஸ்டீராய்டு இருந்தது. லேபிளில் ஒரு வார்த்தை இல்லை. சிலவற்றில் இருந்தது க்ளோபெட்டசாலேதான். லேபிளே இல்லாத டப்பாவில், பேர் தெரியாத ஆள் கொடுக்கும் மூலிகைக் களிம்பு இரண்டே நாளில் அற்புதமாகக் குணப்படுத்தினால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். குப்பைமேனி, மஞ்சள், எலுமிச்சை, பூண்டு என்று கையில் கிடைத்ததை அரைத்து வெடித்த தோலில் அப்புவதும் வேண்டாம். புண்ணில் எரிச்சலும் புது ஒவ்வாமையும் சேரும். குப்பைமேனியை அரைத்து உள்ளுக்குக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. ஜி6பிடி என்ற நொதி குறைவான குழந்தைக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அந்தக் குறைபாடு இருப்பது வெளியில் தெரியாது.

"ஒரே ஊசி, மூணு மாசம் அரிப்பு எட்டிப் பார்க்காது" என்பவரிடம் போகவே போகாதீர்கள். அந்த ஊசியும் ஸ்டீராய்டுதான். வேகம் குறையும்போது உடம்பு முழுக்கப் பொங்கி எழும். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்கு அது தரும் தொல்லை கொஞ்சநஞ்சமல்ல.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு இதைச் சொல்லாமல் போனால் பெரிய பாவம் செய்தவனாவேன். ஸ்டீராய்டு களிம்பு விஷமல்ல. 1952இல் முதன்முதலாகத் தோலில் தடவிப் பார்த்த நாள் முதல் கோடிக்கணக்கானவர்களைக் காப்பாற்றிய மருந்து அது. டாக்டர் பார்த்து, இடத்துக்கும் வயதுக்கும் ஏற்ற வீரியத்தில், இத்தனை நாள் என்று எழுதிக் கொடுத்தால் பயப்படாமல் போடுங்கள். பயந்து பயந்து பொட்டு வைப்பது போலத் தடவுவதால் நோய் அடங்காமல் இழுத்துக்கொண்டு, கடைசியில் இன்னும் அதிக மருந்து தேவைப்படும். அளவுக்கு ஒரு எளிய வழி 1991இல் பிரிட்டனில் வகுக்கப்பட்டது. பெரியவரின் ஆள்காட்டி விரலின் கடைசிக் கணுவிலிருந்து நுனி வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரண்டு கை அளவுள்ள இடத்துக்கு அது போதும். முகத்துக்கும் இமைக்கும் நெடுநாள் தேவையென்றால் ஸ்டீராய்டே இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு இருக்கிறது. எதற்கும் அடங்காத எக்ஸிமாவுக்கு டுபிலுமாப் போன்ற ஊசிகளும் வந்துவிட்டன. நோய் முற்றிவிட்டது, இனி வழியில்லை என்று யாரும் உட்கார வேண்டியதில்லை.

இனி நான் சொல்லப்போவதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். எக்ஸிமா உள்ள குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சல் அடித்து, புண் இருந்த இடங்களில் ஒரே அளவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்துக் கொத்தாகக் கிளம்பி, உடைந்து, குத்தி எடுத்தது போன்ற குழிகளானால், "அம்மை போட்டிருக்கு" என்று வேப்பிலை கட்டி வீட்டில் படுக்க வைத்துவிடாதீர்கள். அது ஹெர்பீஸ் வைரஸ் எக்ஸிமாத் தோலில் பரவுவதாக இருக்கலாம். உதட்டில் அக்கிப் புண் உள்ள பெரியவர் ஒருவர் குழந்தையைக் கொஞ்சி முத்தமிட்டாலே தொற்றிவிடும். கண்ணுக்குப் போனால் பார்வைக்கே ஆபத்து, உடம்பெல்லாம் பரவினால் உயிருக்கே ஆபத்து. அசைக்ளோவிர் என்ற மருந்து இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. தலைக்குத் தண்ணி ஊற்றும் நாளுக்காகக் காத்திருக்கும் நோய் இதுவல்ல. அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள் நிறத்தில் பொருக்கு கட்டி நீர் வடிந்து, வலியும் காய்ச்சலும் இருந்தால் அது பாக்டீரியா. அதையும் நாள் கடத்தக் கூடாது.

அன்றாடப் பராமரிப்பு சாதாரணமாகத் தெரியும், ஆனால் பாதி வைத்தியம் அதில்தான் இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து பத்து நிமிஷத்துக்குள் குளியலை முடிக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்வது அந்த நேரத்துக்கு அரிப்புக்கு இதமாக இருக்கும், பிறகு இரண்டு மடங்காக அரிக்கும். சாதாரண சோப்பு காரத்தன்மை கொண்டது. நம் தோலின் மேல்பரப்போ லேசான அமிலம். வெறும் நுரைக்காக அந்த அமிலத்தைக் கழுவித் தள்ளுகிறோம். அழுக்குப் படும் இடத்துக்கு மட்டும் மென்மையான, வாசனை சேர்க்காத சோப்பைப் போட்டால் போதும். குளிக்கும் தண்ணீரில் கிருமிநாசினித் திரவத்தை ஊற்றும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். பீர்க்கங்கூட்டால் தேய்ப்பதும் வேண்டாம். ஆழ்குழாய் உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாகக் கரையாமல் தோலில் தங்கிவிடும். அதற்காகப் பணம் கொட்டித் தண்ணீரை மென்மையாக்கும் கருவி வாங்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். பிரிட்டனில் குழந்தைகளிடம் முறையாகச் சோதித்து 2011இல் வெளியான முடிவுப்படி எக்ஸிமாவுக்கு அதனால் பலனில்லை.

துண்டால் ஒற்றி எடுத்ததும், உடம்பில் ஈரம் இருக்கும்போதே, மாய்ஸ்சரைசரை அள்ளிப் பூசுங்கள். அள்ளி என்றால் அள்ளித்தான். எக்ஸிமா உள்ள குழந்தைக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை செலவாகலாம் என்கின்றன பிரிட்டிஷ் வழிகாட்டிகள். விலை உயர்ந்த டப்பா தேவையில்லை, வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியே நல்ல வேலை செய்யும். தேங்காய் எண்ணெயும் நல்லது. ஆனால் கடுகெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் தோலின் வேலியை இன்னும் கெடுக்கும், குழந்தைக்கு மசாஜ் செய்யக் கூட எடுக்காதீர்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணும் கருத்துமாக இருங்கள். இந்த மாய்ஸ்சரைசர் களிம்புகள் ஊறிக் காய்ந்த துணி சட்டென்று தீப்பற்றும். பிரிட்டனில் இதனால் உயிர்களே போயிருக்கின்றன, அந்நாட்டு அரசு 2018இல் தனி எச்சரிக்கை விட்டது. களிம்பு பூசிய கையோடு, அதே நைட்டியோடு அடுப்படியில் நிற்காதீர்கள். விளக்கேற்றும்போதும் கவனம்.

மே மாத வியர்வையும் மார்கழி வறட்சியும் இரண்டுமே இந்தத் தோலுக்கு ஆகாது. பாலியெஸ்டர் யூனிஃபார்முக்கு உள்ளே பருத்தி பனியன் போட்டு அனுப்புங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நடக்கும் அநியாயத்தை நினைத்தால் வயிறு எரிகிறது. கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்துவது வரை போகட்டும். முட்டை, பால், மீன், கடலை என்று ஒவ்வொன்றாகப் பறித்து, வெறும் ரசஞ்சோற்றில் குழந்தையை வளர்த்து, எடையே ஏறாமல் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கைக்குழந்தைகளில் சிலருக்கு மட்டுமே உணவு ஒவ்வாமை எக்ஸிமாவைத் தூண்டுகிறது. அதையும் டாக்டர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும். லண்டனில் நடந்து 2015இல் முடிவு வெளியான ஆய்வில், கடும் எக்ஸிமா உள்ள கைக்குழந்தைகளுக்கு வேர்க்கடலையை ஒதுக்காமல் சின்ன வயதிலேயே பக்குவமாகக் கொடுத்து வந்தபோது, பிற்காலத்தில் கடலை ஒவ்வாமை வருவது பெருமளவு குறைந்தது. கடும் எக்ஸிமா இருந்தால் அப்படித் தொடங்குவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், முழுக் கடலையாகவும் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும்.

கடைசியாக, மாதக்கணக்கில் அந்த டியூபைத் தடவி வருபவர்களுக்கு. இதைப் படித்த வேகத்தில் அதைக் குப்பையில் வீசிவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் தோல் முன்னைவிட மோசமாக வெடிக்கலாம். உடம்பு முழுக்கத் தடவி வந்த குழந்தைக்குச் சோர்வு, வாந்தி, மயக்கம் என்று அட்ரினல் சுரப்பியின் குறைபாடும் தலைகாட்டலாம். எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று தோல் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் தோல் பிரிவு உண்டு, செலவில்லாமல் பார்க்கலாம். போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா டியூப்களையும், பேர் தெரியாத டப்பாக்களையும், மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வெட்கப்படாமல், எதையும் மறைக்காமல், எத்தனை நாளாக எங்கெங்கே தடவினீர்கள், ஊசி ஏதாவது போட்டீர்களா என்று சொல்லுங்கள். நோய் அதிகமாக இருந்த நாளில் செல்போனில் எடுத்த படம் இருந்தால் அதையும் காட்டுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது ஆஸ்துமாவோ ஓயாத தும்மலோ அரிப்போ இருந்தால் அதையும் சொல்ல மறக்காதீர்கள்.